அரிசி வந்தது, ரூபாய் வரவில்லை

 

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று இரவே நாடு தழுவிய ஊரடங்கும் அறிவிக்கப்பட்டது. 21 நாள் என்று தொடங்கிய ஊரடங்கு, அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டு, அந்த ஜூன் மாத இறுதியில் மூன்று மாதங்களைக் கடந்து நின்றது.

அந்த மூன்று மாதங்களில் நம் காதில் அடிக்கடி விழுந்த ஒரு கேள்வி உண்டு. "ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது. ஜமாஅத்திலும் மளிகைப் பை கொடுத்தார்கள். அதற்கு மேலும் என்ன கஷ்டம்?" என்று கேட்டார்கள். கேட்பவர்களில் கெட்ட எண்ணம் கொண்டவர் யாருமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வீட்டில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வாசலில் யாரும் வந்து நின்று கேட்கவில்லை.

ஆனால் இந்த ஊரடங்கில் நம்மூர் வீடுகளை வாட்டியது அரிசிப் பஞ்சம் அல்ல, காசுப் பஞ்சம். இரண்டும் வேறு வேறு. அரிசி இல்லாத வீடு வெளியே தெரிந்துவிடும். காசு இல்லாத வீடு வெளியே தெரியாது. அதை விளக்கவே இக்கட்டுரை. அடுத்த இரண்டு, மூன்று மாதங்களில் நாம் எதைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பல குடும்பங்கள் கடனில் மூழ்குவதும் மீள்வதும் இருந்தது. ஆகவே பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

நம்மூருக்குப் பணம் எப்படி வருகிறது?

நம்முடையது டெல்டாவின் கடலோரத்தை ஒட்டிய ஊர். முழுக்கக் கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. இங்கே ரூபாய் நான்கு வழிகளில் வருகிறது.

முதல் வழி, வெளிநாட்டு வருமானம். மலேசியாவில் உணவகங்களிலும், சிங்கப்பூரில் கடைகளிலும் கட்டுமானத்திலும், அரபு நாடுகளில் ஓட்டுநராகவும் கடைச் சிப்பந்தியாகவும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் மாதாமாதம் அனுப்பும் பணம். இரண்டாவது, தினக்கூலி. கொத்தனார், சித்தாள், பெயிண்டர், லோடுமேன், ஆட்டோ ஓட்டுநர். மூன்றாவது, தென்னை, நெல், மீன். நான்காவது, சிறு வியாபாரம். டீக்கடை, ஜவுளி, பழ வண்டி, சைக்கிளில் துணி விற்பது, வாரச் சந்தையில் ஆடு, கோழி விற்பது.

இந்த நான்கும் தனித்தனியானவை என்று நினைக்கக் கூடாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் போன்றவை. மலேசியாவில் இருக்கும் மகன் பணம் அனுப்பினால்தான் அத்தா மாடி கட்டுவார். மாடி கட்டினால்தான் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி. அவர்கள் கூலி வாங்கினால்தான் டீக்கடையிலும் மீன் கடையிலும் வியாபாரம். டீக்கடைக்காரர் வீட்டில் காசு இருந்தால்தான் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு மாதக் காசு. தலைமடையில் மண்ணைப் போட்டு அடைத்தால் கடைமடை வரை காய்ந்துபோகும். ஊரடங்கில் நடந்தது அதுதான். அதுவும் ஓரிடத்தில் அடைபடவில்லை; நான்கு மடையும் ஒரே வாரத்தில் அடைபட்டன.

அடைபட்டது எப்படி?

மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதியே நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. ஆள் தேவையில்லை என்றதும் பலருக்குச் சம்பளம் பாதியானது. சிலருக்கு நின்றே போனது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை பெரும்பாலான வேலைகள் நிறுத்தப்பட்டன. அங்கே தொழிலாளர் விடுதிகளில் நோய் வேகமாகப் பரவியதால் நம் பிள்ளைகள் பலர் வாரக்கணக்கில் அறையை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தார்கள். குவைத்தில் மே மாதத்தில் முழு நேர ஊரடங்கே போட்டார்கள்.

மார்ச் 22ஆம் தேதியோடு பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டதால் இன்னொரு கூட்டமும் சிக்கியது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. இரண்டு மாத விடுப்பில் வந்தவர் நான்காவது மாதமாக உட்கார்ந்திருந்தார். சம்பளம் இல்லை, விசா முடியும் தேதி நெருங்கியது. ஊரார் கண்ணுக்கு அவர் "சபுராளி". அவர் பையில் பத்து ரூபாய் இல்லை என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. மே 7 முதல் விட்ட சிறப்பு விமானங்களில் திரும்பி வந்தவர்களும் டிக்கெட் பணத்தைத் தாங்களே கட்டித்தான் வந்தார்கள். அதற்கும் பலர் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

கூலி வேலையோ மார்ச் கடைசி வாரத்தில் முழுதாக நின்றது. பின்னர் கட்டுமானத்துக்கு அனுமதி வந்தபோது சிமெண்ட், கம்பி வரத்து சரியாகவில்லை. பொருள் வந்தபோது வீடு கட்டுபவரிடம் பணம் இல்லை. தலைமடை அடைபட்டது என்று மேலே சொன்னோமே, அது இதைத்தான்.

தென்னையின் கதை எல்லாருக்கும் தெரியும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் அப்போது காய்க்கும் வயதை அடைந்திருக்கவில்லை. தப்பி நின்ற மரங்களின் தேங்காயை ஏற்றிப்போக லாரி வரவில்லை. வாரச் சந்தைகள் மூடப்பட்டதால் ஆடு வளர்க்கும் வீடுகளில் பணம் ஆடாகவே நின்றுவிட்டது, ரூபாயாக மாறவில்லை. இதில் ஓர் ஆறுதல், மேட்டூர் அணை 8 ஆண்டுகளுக்குப் பிறகு 2020இல் உரிய நாளான ஜூன் 12இல் திறக்கப்பட்டது. குறுவை நடவு வேலை தொடங்கினால் வயல் கூலி கொஞ்சம் கைக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தது.

சிறு வியாபாரிகளுக்கு மட்டும் இரட்டை அடி. மார்ச் இறுதியில் டில்லி நிஜாமுத்தீன் மாநாட்டுக்குச் சென்று வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், நோயை ஒரு சமுதாயத்தின் தலையில் கட்டும் பேச்சு வாட்ஸ்அப்பில் பரவியது. தெருத்தெருவாகப் பழமும் துணியும் விற்ற நம் சகோதரர்கள் சிலரைப் பக்கத்து ஊர்களில் உள்ளே வர வேண்டாம் என்றார்கள். நோய்க்கு மதச் சாயம் பூச வேண்டாம் என்று முதலமைச்சரே வேண்டுகோள் விடுத்தார். பின்னர் குணமான தப்லீக் சகோதரர்கள் பலர் டில்லியில் மற்ற நோயாளிகளுக்காகப் பிளாஸ்மா தானம் செய்தார்கள். பல ஆண்டுப் பழக்கமுள்ள மாற்று மத அண்டை வீட்டார் அந்த நாட்களிலும் நம்மை விட்டு விலகவில்லை. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த ஏப்ரல் மாத வியாபாரம் போனது போனதுதான்.

பள்ளிவாசலை நம்பி வாழ்பவர்களையும் மறக்கக் கூடாது. ஜும்ஆ நடக்கவில்லை, ஆகவே ஜும்ஆ வசூலும் இல்லாமல் போனது. இமாம், மோதினார், மக்தப் உஸ்தாது ஆகியோரின் சம்பளம் பெரும்பாலும் அந்த வசூலிலிருந்தும் ரமளான் நன்கொடையிலிருந்தும்தான் வருகிறது. தராவீஹ் தொழ வைக்க ஹாபிழ்களை அழைக்கும் வழக்கமும் அவ்வாண்டு இல்லாமல் போனது. ஐவேளையும் பாங்கு சொல்லி, "வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னவரின் வீட்டில் என்ன இருந்தது என்று எத்தனை பேர் விசாரித்தோம்?

அரசு தந்தது என்ன? யாருக்குக் கிடைக்கவில்லை?

நியாயமாகச் சொன்னால் அரசின் உதவி இல்லாவிட்டால் நிலைமை மிக மோசமாக இருந்திருக்கும். அரிசி அட்டைதாரர்களுக்கு ஏப்ரலில் 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் விலையில்லாமல் தரப்பட்டன. கூட்டம் சேராமல் இருக்க நாளும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடி வந்தது. மத்திய அரசு ஜன்தன் கணக்கு வைத்துள்ள பெண்களுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் போட்டது. உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு பெற்றவர்களுக்கு மூன்று சிலிண்டர் விலையில்லாமல் கிடைத்தது.

ரமளானில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு ஆண்டுதோறும் தமிழக அரசு வழங்கும் அரிசி, 2020இல் 5,450 டன், வழக்கம்போல ஒதுக்கப்பட்டது. ஆனால் பள்ளியில் கஞ்சி காய்ச்ச அனுமதி இல்லாததால் அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி சொல்லப்பட்டது. இதில்கூட நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பள்ளியில் கஞ்சி காய்ச்சும்போது அரிசி மட்டுமா அந்த அண்டாவில் விழுகிறது? கறி, தேங்காய், பூண்டு, வெந்தயம், விறகு எல்லாம் விழுகின்றன. அவை ஊராரின் நன்கொடை. அவ்வாண்டு வீட்டுக்கு வந்தது அரிசி மட்டும். மற்றவற்றுக்கு ஒவ்வொரு வீடும் தன் காசைப் போட வேண்டியிருந்தது. காசு இல்லாத வீட்டில் ஏப்ரல் 25ஆம் தேதி முதல் நோன்பு தொடங்கி பெருநாள் வரை வெறும் உப்புக் கஞ்சியில் நோன்பு திறந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித்தான் திறந்திருக்கிறார்கள்.

இனி, உதவி சென்று சேராதவர்கள் யார் என்று பார்ப்போம்.

சர்க்கரை அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள். நல்ல நிலையில் இருந்த காலத்தில் எடுத்த அட்டை. அதற்கு அப்போது அரிசியும் இல்லை, 1,000 ரூபாயும் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து இங்கே வாடகைக்கு வந்து, அட்டையை மாற்றாமல் இருப்பவர்கள். திருமணமாகித் தனிக்குடித்தனம் போயும் பெயர் இன்னும் மாமனார் வீட்டு அட்டையிலேயே இருக்கும் இளம் தம்பதியர். ஜன்தன் அல்லாத சாதாரண வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் சிக்கியிருக்க, வயதான மாமியாரோடும் சிறு பிள்ளைகளோடும் இருந்த சகோதரிகள். ஊர் அடுக்கில் இவர்கள் யாரும் "ஏழை" என்ற வரிசையில் இல்லை. அதனால்தான் எந்தப் பட்டியலிலும் இவர்கள் பெயர் வரவில்லை.

அரிசிக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு என்ன தேவை?

ஐந்து பேர் கொண்ட ஒரு கொத்தனார் வீட்டை எடுத்துக்கொள்வோம். அத்தா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நன்னி. ரேஷன் அரிசி போதுமான அளவுக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அரிசியைக் கொடுத்து வாங்க முடியாத செலவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

நன்னிக்குச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. சிறு பிள்ளைக்குப் பால். கேஸ் சிலிண்டர். காய், மீன், மசாலா. சோப்பு, அதுவும் அடிக்கடி கை கழுவச் சொன்ன காலம். மின் கட்டணம், அதுவும் சேர்ந்து வந்து நின்றது. செல்போன் ரீசார்ஜ், அது இல்லாவிட்டால் பிள்ளையின் ஆன்லைன் பாடமும் இல்லை, வெளிநாட்டில் இருக்கும் மாமாவோடு பேச்சும் இல்லை. மகளிர் குழுக் கடனின் தவணை. வாடகை வீடாக இருந்தால் வாடகை.

இதில் எதையும் மூன்று மாதம் நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே அந்த வீடு என்ன செய்யும்? முதலில் மீனும் கறியும் நிற்கும். பிறகு பால் நிற்கும், அல்லது தண்ணீர் கூடும். அதற்கடுத்து நன்னி தன் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடத் தொடங்குவார். கேட்டால் "நல்லாத்தானே இருக்கேன்" என்பார். பிறகு அம்மாவின் கம்மலோ வளையலோ அடகுக்குப் போகும். அடகு வைக்க நகையும் தீர்ந்துபோனால் வட்டிக்காரரின் வாசல். இந்த வரிசையில் எந்தப் படியிலும் அந்த வீட்டில் சோறு இல்லாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சோறு இருக்கிறதா என்று மட்டும் விசாரிப்பவருக்கு இந்தச் சரிவு கடைசி வரை தெரியாது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிக் குர்ஆனில் சூரத்துல் பகராவின் 273ஆம் வசனம் பேசுகிறது. கேட்காமல் தன்மானத்தோடு இருப்பதால் அறியாதவர்கள் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிக்கொள்வார்கள் என்பது அதன் கருத்து. அப்படியானால் அவர்களை அறிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது. அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது முறையல்ல.

தவணை தள்ளிவைப்பு என்பது தள்ளுபடி அல்ல

இந்த ஒரு விஷயத்தில் நம் சகோதரிகளிடம் பெரிய குழப்பம் இருந்தது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27ஆம் தேதி அறிவித்தது. மே 22ஆம் தேதி மேலும் மூன்று மாதம் சேர்த்து, ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. இதன் பொருள், அந்த ஆறு மாதத் தவணையைக் கட்டாவிட்டாலும் தவணை தவறியவராகக் கணக்கில் எழுத மாட்டார்கள் என்பதாக மட்டுமே இருந்தது. வட்டி நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அது ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு 1,00,000 ரூபாய் கடன் பாக்கி, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று கொள்வோம். ஆறு மாதம் ஒன்றும் கட்டாமல், ஏறிய வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்தால் பாக்கி சுமார் 1,06,150 ரூபாய் ஆகும். மகளிர் குழுவில் 30,000 ரூபாய் பாக்கி, வட்டி 24 சதவீதம் என்றால் ஆறு மாதத்தில் அது சுமார் 33,785 ரூபாய் ஆகிவிடும். செப்டம்பரில் தவணைத் தொகையோ தவணைகளின் எண்ணிக்கையோ கூடும் நிலை இருந்தது.

ஆகவே, கையில் பணம் இருந்தவர் தள்ளிவைக்காமல் கட்டிவிடுவது நல்லதாக இருந்தது. பணம் இல்லாதவர் மருந்தையும் உணவையும் நிறுத்திவிட்டுக் கட்ட வேண்டாம். தள்ளிவைப்புக்கு எழுதிக் கொடுத்து, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று பாக்கி எவ்வளவு, செப்டம்பரில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்கவும் வேண்டியிருந்தது. குழுவில் ஒருவர் கட்டவில்லை என்பதற்காக மற்ற சகோதரிகள் அவர் வாசலில் போய் நிற்க வேண்டாம். இன்று அவருக்கு வந்த நிலை நாளை நமக்கும் வரலாம்.

தனியார் வட்டிக்காரர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மிரட்டல் வந்தால் பயந்து ஒளிய வேண்டாம். ஜமாஅத்திடம் சொல்லுங்கள், சேர்ந்து காவல் நிலையம் போகலாம். வட்டி ஹராம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு சகோதரி அந்த வாசலுக்குப் போகிறார் என்றால், வட்டியில்லாமல் கொடுக்கும் வாசல் ஒன்று பக்கத்தில் திறந்திருக்கவில்லை என்று பொருள். பயானில் வட்டியைக் கண்டிப்பதோடு அந்த இரண்டாவது வாசலையும் நாம் திறந்து வைக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை

ஒன்று. பொருளைக் காட்டிலும் பணம். இனி உதவி செய்ய நினைப்பவர்கள் அரிசிப் பைக்குப் பதிலாக மாத்திரைச் செலவு, சிலிண்டர், மின் கட்டணம், அடகு மீட்பு போன்றவற்றுக்குப் பணமாகக் கொடுக்க வேண்டுகிறோம். அரிசி மூட்டை அழகாகத் தெரியும். ஆனால் இன்றைய தேவை அதுவல்ல.

இரண்டு. வரிசை வேண்டாம், படம் வேண்டாம். தெருவுக்கு இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சலாம் சொல்லி நலம் விசாரிக்க வேண்டும். வசதியான வீடு, வசதியில்லாத வீடு என்று பிரித்துப் போனால் போகும் வீட்டுக்கு மானக்கேடு. எல்லா வீட்டுக்கும் போனால் யாருக்கும் மானக்கேடில்லை. "லாத்தா, மாத்திரை ஒழுங்கா வாங்குறீங்களா? கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று கேட்டால் போதும், விஷயம் புரிந்துவிடும். கொடுப்பதை உறையில் வைத்து, இரவில் கொடுங்கள். கொடுக்கும்போது செல்போனை வெளியே எடுக்காதீர்கள்.

மூன்று. ஜகாத் பற்றிய தயக்கம். "சொந்த வீடு இருக்கிறதே, எனக்கு ஜகாத் ஆகுமா?" என்று சிலர் ஒதுங்குகிறார்கள். குடியிருக்கும் வீடும், உடுக்கும் துணியும், தொழில் செய்யும் கருவியும் இருப்பதனால் மட்டும் ஒருவர் ஜகாத் பெறத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். கடனில் சிக்கியவரும், வழியில் பொருளின்றி நிற்கும் பயணியும் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் அடங்குவர். நகை இருப்பவர்கள் தங்கள் மத்ஹபின்படி நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். சென்ற ஆண்டு ஜகாத் கொடுத்தவர் இவ்வாண்டு வாங்க நேர்ந்தால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அல்லாஹ் நாடினால் அடுத்த ஆண்டு மறுபடி கொடுப்பவராக ஆவார்.

நான்கு. அழகிய கடன். வட்டியில்லாக் கடனாகச் சிறு தொகை கொடுத்தால் ஒரு டீக்கடை மறுபடி திறக்கும், ஒரு பழ வண்டி மறுபடி தெருவுக்கு வரும். தலைமடையில் விழும் அந்த நீர் கடைமடைக்கும் போகும். கடனை எழுதிக்கொள்ளும்படி நம் மார்க்கம் சொல்கிறது. ஆகவே நண்பராக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் தொகை, தேதி, சாட்சி எழுதுங்கள். எழுதுவது சந்தேகத்தால் அல்ல. உறவு கெடாமல் இருக்க.

ஐந்து. அட்டைகளைச் சரிசெய்யுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தல், தனி அட்டை, முகவரி மாற்றம் ஆகியவற்றை இப்போதே தொடங்குங்கள். 2020இல் ஊராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் நூறு நாள் வேலைக்கான அட்டைக்கும் விண்ணப்பிக்க முடிந்தது. விண்ணப்பித்த 15 நாளில் அட்டை தர வேண்டும் என்பது விதியாக இருந்தது. அவ்வாண்டு அதன் கூலி நாளொன்றுக்கு 256 ரூபாயாக உயர்ந்தது. பேரூராட்சிக்கு அத்திட்டம் இருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்; மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள்.

ஆறு. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் திரும்பி வந்தவர்கள். அவர்கள் அப்போது சொல்லப்பட்ட நாட்களைத் தனிமையில் கழிக்க வேண்டியிருந்தது. அதில் விட்டுக்கொடுப்பு இருக்கவில்லை. கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகாதே, அங்கிருந்து வெளியேறாதே என்ற நபிமொழியின் கருத்தை அறிந்தவர்கள் நாம். ஆனால் தனிமை என்பது ஒதுக்கிவைப்பது அல்ல. வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று நலம் விசாரியுங்கள். ஏப்ரலில் நம்மைப் பார்த்து மற்றவர்கள் விலகியபோது எப்படி வலித்தது என்பதை நினைவில் வையுங்கள்.

ஏழு. திருமணமும் பெருநாளும். அந்த மூன்று மாதத்தில் 50 பேருக்கு மேற்படாமல் பல நிகாஹ் நடந்தன. மண்டபம் இல்லை, பெரிய விருந்து இல்லை. நிகாஹில் குறை ஒன்றும் இல்லை. பெண் வீட்டார் கடன் வாங்காமல் கரை சேர்ந்தார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் அந்த எளிமை நீடித்தால், அந்தக் காலம் நம்மூருக்குக் கொடுத்த நன்மைகளில் அது பெரியதாக இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுப்பவர்கள் நம்மூரில் ஆடு வளர்க்கும் வீடுகளிலேயே வாங்குங்கள். ஆடாக நிற்கும் அவர்கள் பணம் ரூபாயாகட்டும். 2020இல் இந்தியாவிலிருந்து ஹஜ் பயணம் இல்லை என்றும், கட்டிய பணம் முழுதும் திருப்பித் தரப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அது பல ஆண்டு சேர்த்த பணம், ஹஜ்ஜுக்கே இருக்கட்டும். ஆனால் அதில் ஒரு சிறு பகுதியைச் சில மாதங்களுக்கு அழகிய கடனாகத் தர மனமுள்ளவர்கள் தரலாம்.

எட்டு. பள்ளிவாசல் ஊழியர்கள். இமாம், மோதினார், உஸ்தாதுகளின் நிலுவைச் சம்பளத்தைத் தெருவுக்கு ஒரு மாதம் என்று ஏற்றுக்கொண்டால் சுமை யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

பெருமக்களே! 2020 ஆகஸ்ட் 31க்குப் பிறகு கடன் தவணைகள் மறுபடி வாசலுக்கு வரவிருந்தன. பள்ளிக்கூடக் கட்டணமும் வரவிருந்தது. விலையில்லா அரிசி தொடர்ந்தாலும்கூட அவற்றை அரிசியால் கட்ட முடியாது. ஆகவே நமக்கு அப்போது இருந்தது இரண்டு மாத அவகாசம். உங்கள் தெருவுக்குப் பொறுப்பேற்க முன்வரும் சகோதரரும் சகோதரியும் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டுகிறோம். தேவை உள்ளவர்கள் நேரில் வரத் தயங்கினால் யார் மூலமாவது ஒரு சொல் அனுப்புங்கள். பெயர் வெளியே போகாது.

யா அல்லாஹ்! இந்த நோயை விட்டு எங்களையும் எங்கள் நாட்டு மக்கள் அனைவரையும் காப்பாற்றுவாயாக. நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. தூர நாடுகளில் தவிக்கும் எங்கள் பிள்ளைகளை நலமாக வீடு சேர்ப்பாயாக. கேட்காமல் இருப்பவர்களின் தேவையை அறியும் கண்ணை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.